எக்ஸ்ரே படித்த தம்பி

வெளிநாட்டில் என் வேலை இதுதான்: எலக்ட்ரான் எனப்படும் இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஓடவிட்டு, எதிரே வரும் லேசர் ஒளியோடு மோத வைப்பது. மோதித் திரும்பும் ஒளி எக்ஸ்ரே ஆகிவிடும். ஒரு நொடியைக் கோடி துண்டாக்கி, அதில் ஒன்றை மறுபடி கோடி துண்டாக்கினால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நேரமே அது இருக்கும். அணுக்கள் அசைவதைப் பார்க்க அத்தனை குறுகிய ஒளி வேண்டும். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பியிருந்த அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கப் பொறுமை இல்லாமல், "எக்ஸ்ரேயில வேலை" என்று தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டேன். அவள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

லீவில் போனபோது, புதிதாக வேய்ந்த தகரக் கூரையின் கீழ் வைத்து ஒரு படத்தை என்னிடம் நீட்டினாள். கடைசிச் சண்டையில் அவள் தோளில் ஏறிய ஷெல் துண்டு அதில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவளை அடுத்த கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"எடுக்கோணுமோ எண்டு நீ பாத்துச் சொல்லு தம்பி. அரிவு வெட்டு நேரம், வயலை விட்டிட்டு எனக்கு அலைய ஏலாது."

நான் எக்ஸ்ரேயை உண்டாக்குகிறவன். உடம்பைப் படத்தில் வாசிக்க ஒருநாளும் படித்ததில்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அத்தான் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தேன், கண்ணைச் சுருக்கினேன்.

"சின்னத் துண்டுதான். எலும்பில படேல்ல. கிடந்திட்டுப் போகட்டும்" என்றேன். அன்று எனக்காகக் கோழி அடித்தார்கள். வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

அக்கா கிளினிக்குக்குப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து நான் வந்தபோது அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. துண்டு நகர்ந்து நரம்பைக் கெடுத்துவிட்டது, முன்னமே வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று டாக்குத்தர் ஏசினாராம். அத்தான்தான் சொன்னார். ஊரில் அக்கா, தன் பஞ்சியால், சோம்பலால்தான் போகவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் காலை, நான் வந்திருப்பதை அறிந்து மூன்று பேர் தங்கள் படங்களோடு வந்து முற்றத்துக் கதிரைகளில் இருந்தார்கள். அக்காவைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"அக்கா, எனக்குப் படம் வாசிக்கத் தெரியாது. அண்டைக்கும் தெரியாது."

அவள் அடுப்பிலிருந்த கேத்தலை இடக்கையால் இறக்கி வைத்தாள்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பிறகு வெளியே போய்ச் சொல்வது கேட்டது: "தம்பிக்குக் கண்ணில வருத்தமாம். இனிப் படம் பாக்கக் கூடாதாம். நீங்கள் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்கே போங்கோ."

"ஐயோ பாவம், எவ்வளவு படிச்ச பிள்ளை" என்று ஒரு பெண் சொன்னாள். அவர்கள் போகும்வரை நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை.