கராஜில் கார் இல்லை, சுண்டெலி இருந்தது

எனக்குப் பாம்பென்றால் பயமில்லை. இருட்டென்றால் பயமில்லை. மேலதிகாரியென்றால் பயமில்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள், அதனால் அதைச் சொல்லவில்லை. ஆனால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுண்டெலி சுவரோரமாகப் போனால் போதும், என் கால்கள் என்னைக் கேட்காமலே புறப்பட்டுவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் நாங்கள் பிரெஞ்சை மறந்தபாடும் இல்லை, இங்கிலீஷைக் கற்றபாடும் இல்லை. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் கல்யாணம் நடந்தது. புதுச்சேரியில் வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். சைகோன் வரை போய்ச் சண்டை போட்டுப் பென்ஷனோடு திரும்பிய சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை ‘முசே’, அதாவது ‘ஐயா’, என்பார், நானும் அவரை ‘முசே’ என்பேன். கேட்பவர்களுக்கு நாங்கள் இரண்டு பெரிய மனிதர்கள் என்று தோன்றும்.

வீட்டோடு ஒட்டி ஒரு கராஜ் இருந்தது. முன்பு இருந்த வெள்ளைக்காரர் காருக்காகக் கட்டியது. சொல்தாவிடம் கார் கிடையாது. கிராமத்தில் இருந்த அண்ணன் அனுப்பும் மல்லாட்டை மூட்டைகளை அதில் அடுக்கி வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். சுண்டெலிகள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தனவோ, வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து தின்னலாம் என்று குடும்பத்தோடு வந்துவிட்டன. கராஜுக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதன் அடியில் இரண்டு விரல் இடைவெளி.

மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்காக என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, மடித்து, சுவர் அலமாரியில் வைத்திருந்தாள். ஒருநாள் மாலை அதைத் திறந்தால், துணிகளுக்கு நடுவில் ஒரு சுண்டெலி கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. தாய் எலி என் பக்கமாகத் தாவியது.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது வீதி முனையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். குடத்தோடு நின்ற பெண்கள் பதறிப்போய்க் கேட்டார்கள்.

“என்னா முசே, ஊட்ல நெருப்பா?”

“இல்லம்மா, தாகம்” என்று சொல்லிவிட்டு, குனிந்து இரண்டு கை தண்ணீர் குடித்தேன். கர்ப்பிணி மனைவியை எலியோடு விட்டுவிட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் குடித்த வீரன் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

திரும்பி வந்தபோது அவள் கூட்டை அப்படியே முறத்தில் எடுத்துப்போய்த் தோட்டத்து மூலையில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அடுத்த வாரம் அம்மா ஊட்டுக்குப் போறேன். எப்பிடியும் போவணும். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன் கேட்டுக்குங்க. எலி இருக்கிற ஊட்டுக்குப் புள்ளையத் தூக்கினு வரமாட்டேன்.”

“சுண்டெலி என்ன செய்யும்?” என்றேன், ஓடிப்போனவன் நானில்லை என்பதுபோல.

“எங்க சித்தி புள்ளைக்கு வெரலக் கடிச்சிடுச்சி. நான் பாத்தேங்க. பச்சப்புள்ள, ரத்தம் நிக்கல.”



தவளக்குப்பத்தில் மாமியார் வீட்டில் பெண்குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் அனுப்புவதாகப் பேச்சு. ஞாயிறுதோறும் கடலூர் பஸ்ஸில் போய் இறங்குவேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்ன விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் சித்தி பிள்ளை ஞாபகம் வந்து தொலைக்கும். மனைவி ஒரே கேள்விதான் கேட்பாள்.

“போயிடுச்சா?”

“மூட்டை கட்டினு இருக்குது.”

“அப்ப நானும் இங்கயே இருக்குறேன்.”

முதலில் பொறி வாங்கினேன். சொல்தா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, பிரான்ஸில் எலிக்கு ஃப்ரொமாஜ்தான் வைப்பார்கள் என்றார். அந்தப் பாலாடைக்கட்டி ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தும் கொடுத்தார். எலி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் எலி, பாவம், அதற்கு அந்த வாடை பழக்கமில்லை. பிறகு கருவாடு வைத்தோம். அதற்குத் தெருவிலுள்ள பூனையெல்லாம் வந்து கதவைப் பிறாண்டின. பூனை வளர்க்கலாமா என்று மாமியாரைக் கேட்டேன். “தொட்டில்ல ஏறிப் படுத்துக்கும் மாப்ள, மூச்சு முட்டிடும்” என்று சொல்லி, எனக்கு இன்னொரு பயத்தைக் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் சொல்தாவிடம் உள்ளதைச் சொன்னேன். மூட்டைகள் போனால்தான் எலி போகும், எலி போனால்தான் குழந்தை வரும் என்றேன்.

“அதெப்பிடி முசே? எங்கண்ணன் வயல்ல வெளஞ்சது. வாணாம்னு எப்பிடிச் சொல்றது?” என்று முகத்தைச் சுளித்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். “புள்ள மொகம் எப்பிடி, உன் சாடையா?”

“இன்னும் தெரியலை முசே. வாரத்துக்கு ஒருதரம்தானே பார்க்கிறேன்.”

“எம்மவன் பொறந்தப்போ நான் சைகோன்ல. திரும்பி வந்து தூக்கப்போனா, ‘யாரும்மா இந்தாளு’ன்னு அவங்கம்மா பின்னால போயி ஒளியறான்.” அதைச் சொல்லிவிட்டு எழுந்தார். “வண்டி பேசு. மூட்டைய ஊருக்கே அனுப்பிட்லாம்.”

மூட்டைகள் போன பிறகு ஓட்டைகளை அடைத்தோம். சிமென்ட்டில் கண்ணாடித்தூள் கலந்து அடைத்தால் எலி பல் வைக்காது. புதுச்சேரியில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் காலி பாட்டிலுக்கு வராது. சொல்தா தன் வீட்டுப் பாட்டில்களைச் சாக்கில் போட்டு அடித்து நொறுக்கினார். ஒவ்வொன்றையும் எந்தச் சந்தோஷத்துக்குக் குடித்தது என்று சொல்லிச் சொல்லி நொறுக்கினார். கதவுகளின் அடியில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகரம் அடித்தேன். ஆணியை விட என் விரலில்தான் அதிகம் அடித்தேன்.

எலி வருகிறதா என்று பார்க்க, படுக்கும்முன் தரையில் கோலமாவைத் தூவி வைப்பேன். ஒருநாள் காலையில் மாவின்மேல் ஒரு தடம். எலித்தடம் இல்லை, பெரியது. “பெருச்சாளி முசே, ஆளைத் தின்னுடும்!” என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அவர் தடியோடு வந்து, குனிந்து பார்த்து, என் காலைப் பார்த்து, மறுபடியும் தடத்தைப் பார்த்தார்.

“ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தியா முசே?”

எழுந்திருந்தேன். அதற்குப் பிறகு மாவில் எந்தத் தடமும் விழவில்லை. அடுத்த ஞாயிறு தவளக்குப்பம் போய், “போயிடுச்சி” என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், விரல்களிலிருந்த கட்டுகளைப் பார்த்தாள், நம்பினாள்.

நல்ல நாள் பார்த்து மாட்டுவண்டி வந்து நின்றது. முன்னால் மாமியார், அவர் பக்கத்தில் குழந்தையோடு மனைவி. பின்னால் ஒரு மலை. தலைப்பிள்ளையோடு பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்புவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. அரிசி மூட்டை, உளுந்து, வைக்கோலில் பொதிந்த பூசணிக்காய்கள், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மூட்டை மல்லாட்டை.

ஆரத்தி முடிந்ததும் மாமியார் கராஜை எட்டிப்பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எம்மாம் பெரிய எடம்! பெருக்கித் தொடச்சி வச்சிருக்காரு மாப்ள. எல்லாத்தயும் இங்க எறக்குப்பா!”

சொல்தா மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாமியார் வீட்டுச் சீரை வேண்டாமென்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? இறக்கினார்கள். வைக்கோல் காற்றில் பறக்காமலிருக்கப் பெரிய கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தார்கள். அதற்குள்ளிருந்து குதித்தது, வண்டியிலேயே கடலூர் ரோடு முழுவதும் சவாரி வந்த ஒரு தவளக்குப்பத்துச் சுண்டெலி.

நான் எப்போது மூட்டைகளின் உச்சிக்கு ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. எலி சுவரோரமாக ஓடியது. ஓட்டையைத் தேடியது. எல்லாவற்றையும் கண்ணாடித்தூள் போட்டு அடைத்த புண்ணியவான் மேலே உட்கார்ந்திருந்தான். போக வழியில்லாமல் அது கராஜைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கே பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை. சொல்தா வந்து பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துத் திறந்தார். எலி வெளிச்சத்தைக் கண்டு வெளியே பாய்ந்து, சாக்கடையோரமாகப் போய் மறைந்தது.

மனைவி குழந்தையின் கைகளைத் தன் முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். மாமியாருக்கு முகம் சிறுத்துப்போயிற்று.

“வைக்கோல்ல இருந்திருக்குதுடி. நான் பாக்கல. இன்னும் எத்தினி இருக்குதோ. வா, புள்ளையத் தூக்கினு ஊருக்கே போயிட்லாம்.”

நான் மேலிருந்தபடியே மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரோரமாக மெதுவாக நடந்தாள். பூசியிருந்த சிமென்ட்டைக் காலால் தட்டிப் பார்த்தாள். கதவடித் தகரத்தைப் பார்த்தாள்.

“எலி அங்கேருந்துதானம்மா வந்துச்சி. அங்க போயி என்னா பண்றது?” என்றாள். “இத்தயெல்லாம் வெளிய வெயில்ல பிரிச்சி ஒதறிட்டு அப்பறமா உள்ள வைக்கலாம்.”

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஏங்க, எறங்கி வாங்க. தொட்டில எங்க கட்றதுன்னு காட்டுங்க.”