கனக்கப் பறவை, கனக்கச் சாதி

மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தென்னமெரிக்கா வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை. அந்தக் கண்டத்தில் பறவைகள் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்த்து நிறம் பூச வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கியது. அதிகமான இடத்துக்குக் கடும் சிவப்பு, குறையக் குறைய மஞ்சள், மிகக் குறைவென்றால் வெள்ளை. திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று விளக்கவும் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. என்னோடு கதைப்பதென்றால் தமிழில்தான் கதைக்க வேண்டும். சட்டம் போட்டவன் நான். அதனால் ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டிருந்ததை அவள் பேனையைக் கடித்துக் கடித்துத் தமிழாக்கினாள்.

"அப்பா, இதிலை எங்க கனக்கச் சாதிப் பறவை இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "உந்தச் சொல் இந்த வீட்டிலை வேண்டாம்."

"அம்மா சொன்னவா. கடையிலை, இது என்ன சாதி மாம்பழம் எண்டு கேட்டவா."

"அம்மா சொன்னாலும் வேண்டாம்."

இதை வாசிக்கிற பிள்ளைகளே, நான் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவனை ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் மறித்தார்கள். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளையின் வாயில் அது வரக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததில் பிழையில்லை. ஆனால் அவள் கேட்டது மனிதரைப் பற்றி அல்ல. யாழ்ப்பாணத்தில் மீனுக்கும் மாம்பழத்துக்கும் சொல்கிற மாதிரி, எங்கே நிறைய வகை என்றுதான் கேட்டாள்.

அவள் மீண்டும் பேனையைக் கடித்தாள். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் கேட்டாள். "எங்க கனக்கப் பறவை இருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில்தான் எனக்கு வேலை. அங்கே சாப்பிடுகிற அறையில் எந்த நேரமும் தொலைக்காட்சி ஓடும். பெரு நாட்டுக் கடற்கரையை அதில் காட்டியிருந்தார்கள். பாறை தெரியாமல் பறவைகள் குந்தியிருந்தன.

"இந்தா, இந்த மேற்குக் கரையிலைதான்."

"அது பாலைவனம் எண்டல்லோ கிடக்கு?"

"பாலைவனமெண்டால் என்ன? கடல் நிறைய மீன். நான் கண்ணாலை பாத்தனான்."

"அப்ப கரைக்குப் பக்கத்திலை இந்த மலை?"

"மலையிலை குளிர். ஹவுன்ஸ்லோக் குளிருக்கே நான் வெளியிலை போறேல்லை, பறவை போகுமே?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஷுவரா அப்பா?"

"ஓம், நீ பூசு."

அவள் கரை முழுக்கக் கடும் சிவப்பாகப் பூசினாள். மலையை வெள்ளையாக விட்டாள்.

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். அவள் வரும்போது நான் வீட்டில்தான் இருந்தேன். பையைக் கழற்றாமலே முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர் பிழை எண்டவா. நான் இல்லையெண்டு சொன்னனான். என்ரை அப்பாவுக்குத் தெரியும் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னனான். எல்லாரும் சிரிச்சவை."

"ஏன் பிழை? அங்கை கனக்கப் பறவைதானே?"

"அவை கேட்டது எத்தினை பறவை எண்டில்லை அப்பா. எத்தினை..." அவள் நின்றுவிட்டாள். அந்த இடத்துக்கு அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்றுதான், அதை நான் தடுத்திருந்தேன். "ஸ்பீசீஸ்," என்றாள்.

அந்த இடத்திலாவது நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "அப்ப நீ ஒழுங்காக் கேட்டிருக்கோணும்."

"நான் முதல் ஒழுங்காத்தான் கேட்டனான்."

அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

பிறகு நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நான் காட்டிய கரையில் பறவைகள் லட்சக்கணக்கில்தான் இருக்கின்றன. ஆனால் அவை சில வகைகள்தான். ஒரு கடையில் ஆயிரம் மாம்பழம் இருந்து, எல்லாம் ஒரே வகை என்றால் எப்படி, அப்படி. நான் வெள்ளையாக விடச் சொன்ன மலையின் கிழக்குச் சரிவில்தான் வகைகள் குவிந்து கிடக்கின்றன. அடியில் வெக்கையான காடு, நடுவில் பனிமூட்டம், உச்சியில் குளிர்ந்த புல். கொஞ்சம் ஏறினால் வேறு பறவைகள், இன்னும் கொஞ்சம் ஏறினால் அவையும் மாறிவிடுகின்றன. சில பறவைகளுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கே வேறு நாடு மாதிரி, கடந்து போவதில்லை. அந்தக் காட்டுக்குள் நின்று பார்த்தால் பறவையே இல்லாதது போலக்கூட இருக்குமாம். இலைக்குப் பின்னால் ஒன்று, மரப்பட்டையில் ஒன்று. கூட்டமாக வந்து கண்ணை நிறைக்காததால் என்னைப் போன்றவன் இல்லையென்று சொல்லிவிடுகிறான்.

புத்தகத்தை மூடினேன். படித்ததை அவளிடம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு சொல்லைப் பறித்தவன் பதிலுக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்க வேண்டாமா? 'வகை' என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

அதற்குப் பிறகு அவள் என்னோடு கோபமாக இருக்கவில்லை. பகிடி விட்டுச் சிரித்தாள், சாப்பிட்டாயா என்றால் ஓம் என்றாள். ஆனால் புத்தகத்தோடு குசினிக்கு வரவில்லை. முதலில் வீட்டுப்பாடம் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கணக்குக்கு ஒரு தோழி, மற்றதுக்கெல்லாம் கைபேசி என்றாகிவிட்டது. என்னிடம் கேட்பதென்றால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது மட்டும்தான்.

இப்போது அவளுக்குப் பதினேழு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்று போன மாதம் மனைவி சொல்லித்தான் தெரியும். நான் போய் அவளுடைய அறைக் கதவைத் தட்டினேன்.

"என்ன படிக்கவெண்டு போட்டனி?"

"சுவாலஜி அப்பா. மிருகங்கள், பறவையள்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே."

"டீச்சரிட்டைக் கேட்டனான். உங்களுக்கு ஷிப்ட் எல்லே."

எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அண்டைக்கு, அந்த வரைபடம்... நீ ஒழுங்காத்தான் கேட்டனி, பிள்ளை. நான்தான் பிழை."

"ஐயோ அப்பா, அது எப்பவோ. எனக்கு ஞாபகமே இல்லை," என்று சொல்லிவிட்டு லாப்டொப் பக்கம் திரும்பினாள்.

ஞாபகமே இல்லை என்றவள், எந்த வரைபடம் என்று கேட்கவில்லை.