செம்மறி எலும்புக் குத்தூசிகள்

ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், பஞ்சில் பொதிந்து கிடந்தன பதினோரு எலும்புத் துண்டுகளும் ஒரு எலும்புச் சீப்பும். ஆக்லாந்தின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் கிடங்கில், வந்து சேரும் பொருள்களைப் பட்டியலிடுவது என் வேலை. ஸ்காட்லாந்தின் வடதீவுகளிலிருந்து இங்கே குடியேறிய ஒரு குடும்பம் கொடுத்த டின் அது. அங்கே வரலாற்றுக்கு முந்தைய கல்கோட்டை ஒன்றின் இடிபாட்டில் அவர்களின் முன்னோர் பொறுக்கியவை. சீப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவை சாப்பிட்டுப் போட்ட எலும்புகள் என்று கழித்துவிட மேலாளர் முடிவு செய்திருந்தார்.

அன்று தரை துடைக்க வந்தவரை நான் அக்கா என்றே அழைப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர், லின்ஃபீல்டு என்ற புறநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஊரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பு செல்லுபடியாகவில்லை. துப்புரவுப் பணியாளர்கள் எதையும் தொடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தொட்ட ஒருவருக்கு வேலை போயிருந்தது. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைமேல் குனிந்தார்.

"தங்கச்சி, அதை ஒருக்கா திருப்பிக் காட்டும்."

திருப்பினேன்.

"செம்மறியின்ர கால் எலும்பு. நாய் கடிச்சிருந்தா நுனி சொரசொரப்பா இருக்கும். இது பாரும், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ஆரோ கனகாலம் இதால தோலில ஓட்டை போட்டிருக்கினம். இது குத்தூசி."

"நான் வேணா மேனேஜர்கிட்ட சொல்லவாக்கா?"

"வேண்டாம். நானே கதைக்கிறன்."

நான் போய் மேலாளரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் முதலில் முகம் சுளித்தார். அக்கா நிதானமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு துண்டாக, எந்த விலங்கு, எந்த எலும்பு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விளக்கினார். கடைசி இரண்டைக் காட்டி, "இது ரெண்டும் சாப்பிட்டதுதான்" என்று அவரே ஒதுக்கினார். அந்த நேர்மையில்தான் மேலாளர் அசைந்தார் என்று நினைக்கிறேன். உருப்பெருக்கி விளக்கை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு ஒரு ஜோடி கையுறையை நீட்டினார். பிறகு வந்து பார்த்த நிபுணரும் ஒன்பது துண்டுகளும் கருவிகளே என்றார்.

இன்று அக்கா அதே கிடங்கில் எலும்புகளை இனம்பிரிக்கும் பணியில் இருக்கிறார். ஆனால் நான் பெருமையோடு நினைத்துக்கொள்வது, அந்த ஒன்பதும் காட்சிக்குப் போன நாளை. விளக்க அட்டையில் அடையாளம் கண்டவர் பெயரும் வர வேண்டும். பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று மேலாளர் கேட்டார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"டாக்டர்" என்றார்.

அந்த அட்டையைத் தட்டச்சு செய்தவள் நான்.