மாடியில் கேட்ட அப்பாவின் குரல்

2008 வாக்கில் திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் பைத்தியம் உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பெரிய டிஸ்க்கை மாட்டி, பாட்டு, படம், குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஏற்றி, ஹால் டிவியிலும் வைஃபை வழியாக என் லேப்டாப்பிலும் ஓடும்படி செய்திருந்தேன். அம்மாவுக்கு அதில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இறந்துபோன அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. ஞாயிறுதோறும் பார்ப்பார். பூஞ்சை பிடித்த கேசட்டை, வீடியோ ஏறியதும் நானே குப்பையில் போட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போகும்போது, மாடி வீட்டு ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏட்டி, மாலையை நேராப் போடு, போட்டோ எடுக்கான் பாரு!" துணியை மறந்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அங்கே குடியிருந்தவர் வேலைக்குப் போகும் ஒரு பெண். விதுரா பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப் பெண். கதவைத் தட்டினேன். வைஃபை வழியாகத் தன் லேப்டாப்பில் என் கம்ப்யூட்டர் தானாகவே தென்பட்டதாகவும், திறந்து பார்த்து அந்த வீடியோவைக் காப்பி எடுத்ததாகவும் ஒளிக்காமல் சொன்னார். ஒரு பாஸ்வேர்டுகூடப் போடாமல் வாசலை விரியத் திறந்து வைத்தவன் நான். கோபத்தில் அதெல்லாம் தோன்றுமா?

"அடுத்த வீட்டுச் சாமானை இப்படித்தான் எடுப்பீங்களா? மொதல்ல அதை அழிங்க" என்று கத்தினேன்.

"அழிச்சிடுறேன் சேட்டா, க்ஷமிக்கணும்" என்று மலையாளம் கலந்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலை முழுமூச்சாக உட்கார்ந்து வைஃபைக்கும் கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு போட்டேன். அதோடு விட்டேனா? வேறு யார் யார் நுழைந்து என்னென்ன செய்தார்களோ என்ற பயத்தில், கம்ப்யூட்டரைத் துடைத்து, சாஃப்ட்வேரையெல்லாம் புதிதாக ஏற்றினேன். வீடியோ இருந்த பகுதியைத் தொடவில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா டிவி முன்னால் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

"என்னலே, இன்னைக்கு அப்பா வரல்லியா?" என்று கேட்டார் அம்மா. ரிப்பேர் என்று ஏதோ சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். நான் சொன்னபடி அந்தப் பெண் அழித்திருக்கக் கூடாதே என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

விஷயத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அழிக்கத்தான் உட்கார்ந்தேன் சேட்டா. எங்க அப்பாவும் இதே மாதிரிதான் அம்மாவைக் கேலி பண்ணும். அப்பாவோட ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல. அதான், அழிக்க மனசு வந்தில்லா" என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டது அவர்தான்.

அவரிடமிருந்த காப்பியை வாங்கி என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அன்று மத்தியானம் அவரையும் கீழே கூப்பிட்டேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார். பாஸ்வேர்டு போட நான் அதன்பிறகு மறந்ததே இல்லை. ஆனால் அம்மா கடைசிவரை ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்க முடிந்தது, அன்று நான் கத்திச் சொன்னதை அந்தப் பெண் கேட்காததால்தான் என்று நினைக்கும்போது, யாரிடமும் குரலை உயர்த்த எனக்கு இன்றும் வாய் வருவதில்லை.