இரண்டு தரம் சுட்ட விசுக்கோத்து

சாமான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு என் கஷ்டம் புதிதல்ல; ஆனாலும் சீலை விற்றால் தொட்டுப் பார்த்துக் குறை சொல்வார்கள், செருப்பு விற்றால் போட்டுப் பார்த்துக் குறை சொல்வார்கள், விசுக்கோத்து விற்றால் மட்டும் முழுதாகத் தின்று முடித்துவிட்டுத்தான் குறை சொல்வார்கள்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. கண்டியில் ஹமீது முதலாளியின் பேக்கரிக்கு நான் வெளியூர் விற்பனையாள். எங்கள் சரக்கு கல்லு விசுக்கோத்து. பெருஞ்சீரகம் போட்ட வட்ட விசுக்கோத்து, பெருவிரல் கனம். ஒருமுறை சுட்டு எடுத்து, பாண் ரொட்டி வேலை முடிந்து போறணை அடுப்பு ஆறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூட்டில் திரும்பவும் போடுவார்கள். இரண்டாம் தரம் வெளியே வரும்போது அதற்கு ஈரம் என்றால் என்னவென்றே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசையாக ஒன்றை வெறுமனே கடித்தேன். மூன்று நாள் கஞ்சிதான்.

கம்பளை ஸ்டேஷனில்

மாதம் ஒருமுறை ரயிலில் கம்பளைக்குப் போவேன். அங்கே ஸ்டேஷன் கிளாக்கர் தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். நான் பெட்டியைத் திறந்ததும் ஒரு விசுக்கோத்தை எடுத்து மேசையில் டொக் டொக்கென்று தட்டுவார். சத்தம் கேட்டு டிக்கெட் வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். அவரோ அதைத் தேத்தண்ணியில் முக்கி முக்கி முடித்துவிட்டு, அடுத்ததையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் ஆட்களுக்கென்று ஒரு டின்னும் வாங்கி வைப்பார்.

வாங்குகிறவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ள ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். வேலையில் அவ்வளவு அக்கறை எனக்கு. அதில் முதல் பக்கத்தில் இருந்தது தம்பையா சொன்னதுதான்: “தம்பி, உது தின்னுறதுக்கோ, இல்லாட்டித் தண்டவாளத்துக்குக் கீழ போடுறதுக்கோ எண்டு பெட்டியில எழுதி விடுங்கோவன்.”

கலகெதரையில் பாக்குவெட்டி

கலகெதரைச் சந்தியில் காசிம் நானாவின் கடை. நான் உள்ளே நுழைந்தால் ‘வாங்க’ என்று சொல்வதற்கு முன் பாக்குவெட்டியைத் தேடுவார். விசுக்கோத்தை அதில் வைத்து நாலாக நறுக்கி, வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கொடுப்பார். துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் என்னைத் திட்டுவார்கள். போன முறை வைத்துவிட்டுப் போன டின் காலியாகத்தான் இருக்கும். அது என் கண்ணில் படவேயில்லை. காதில் விழுந்தது மட்டும்தான் கொப்பியில் ஏறியது, காசிம் நானா ‘சொல்’ என்பதைச் ‘செல்’ என்று சொல்வது உட்பட:

“தம்பி, இனி ஒரு டின்னுக்கு ஒரு பாக்குவெட்டி சும்மா தரச் செல்லுங்க ஒங்கட மொதலாளிக்கு.”

பன்விலையில் ஒரு மந்திரம்

பன்விலைப் பக்கம் பஸ்ஸில் போய், மீதித் தூரம் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் இருதயமேரி அக்காவின் தேத்தண்ணிக் கடை. கொழுந்தெடுக்கிற பெண்கள் அங்கேதான் விசுக்கோத்து வாங்குவார்கள். அதைத் தின்னும் முறையை ஒழுங்காகக் கண்டுபிடித்து வைத்திருந்தது அந்த அக்கா ஒருவர்தான். பால் விடாத கொதிக்கிற சாயத் தேத்தண்ணியில் விசுக்கோத்தைப் பாதிவரை இறக்க வேண்டும். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்ல வேண்டும். முடிந்ததும் எடுத்தால் மேல் பாதி மொறுமொறுவென்றும் கீழ்ப் பாதி பஞ்சு மாதிரியும் இருக்கும். அவசரப்பட்டால் பல் போகும். கடையில் நாலு பெண்கள் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் அது ஜெபமா விசுக்கோத்தா என்று புதிதாக வருகிறவனுக்குத் தெரியாது.

இவ்வளவு பக்குவமாகச் சாப்பிடுகிறவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். “கோயில்ல சொல்றத விட ஒங்க விசுக்கோத்துக்குத்தான் நான் மந்திரம் கூடச் சொல்றேன், தம்பி” என்றார்.

கொப்பி வாசித்த நாள்

ஐப்பசியில் ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தோட்டங்களில் வேலை குறைந்து, நகரத்தில் கடைகள் மூடிக்கொண்டிருந்த நேரம். என்னோடு வேலை செய்த இரண்டு பேரை அதற்கு முந்தின மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். “வெளியூர்ல ஆக்கள் என்ன செல்றாங்க, அந்தோனி?” என்று கேட்டார். நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் கொப்பியை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தண்டவாளம், பாக்குவெட்டி, மந்திரம் எதையும் விடவில்லை.

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. இனி ஒரு தரம் சுட்டால் போதும், மெத்தென்று இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். ‘இந்தச் சுற்றில் டின் திரும்பி வந்தால் உனக்கும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்று எனக்கும் சொல்லிவிட்டார். எனக்குத் தையில் கல்யாணம். கண்டியில் நிரந்தர உத்தியோகம் என்று பெண் வீட்டில் என் மாமா அடித்துச் சொல்லியிருந்தார். நான் பயந்துபோய்ப் போறணைப் பக்கம் போனேன். பேக்கரி மேஸ்திரி பியதாச பாஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சிங்களவர். எங்களோடு பேசுவதற்காகவே தமிழ் பழகியவர். நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: “மொதலாளி சொன்னா நான் போடுறது. ஆனா அது விசுக்கோத்து இல்ல, நோயாளி சாமான்.”

எல்லோரும் புகழ்ந்த சுற்று

புது விசுக்கோத்தோடு கிளம்பினேன். கம்பளையில் தம்பையா வழக்கம்போல மேசையில் தட்டினார். சத்தம் வரவில்லை. தின்றார், “நல்லாத்தான் கிடக்கு” என்றார். டின் எடுக்கவில்லை. கலகெதரையில் காசிம் நானா பாக்குவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். “மிச்சம் நல்லம்” என்றார், ரொம்ப நல்லது என்ற அர்த்தத்தில். அவரும் எடுக்கவில்லை. இப்படிப் புகழ்ச்சியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. இப்படி ஒரு டின்னும் விற்காமல் நின்றதுமில்லை.

பன்விலையில் இருதயமேரி அக்கா சாயத்தில் இறக்கினார், கண்ணை மூடினார். திறந்தபோது விரலில் ஒன்றுமில்லை. கோப்பையை எட்டிப் பார்த்தார். அடியில் கூழாகக் கிடந்தது. “பாதி மந்திரத்துலயே கரைஞ்சிருச்சே தம்பி, மிச்சத்த நான் யாருக்குச் சொல்றது?”

பஸ்ஸில் வந்த புத்தி

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் ஒரு டின், காலடியில் டின்கள். எதுவும் திறக்கப்படவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு என்னைத் திட்டியவர்கள் அத்தனை பேரும் வாயில் விசுக்கோத்தோடுதான் திட்டினார்கள். இப்போது புகழ்ந்தவர்கள் எல்லோர் வாயும் காலி.

முதலாளியிடம் அதை அப்படியே சொன்னேன்.  அவர் டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். கடைசியில், இன்னும் ஒரே ஒரு சுற்று, பழைய மாதிரியே சுடச் சொல் என்றார். பியதாச பாஸ் அன்றைக்கு மூன்றாம் தரமும் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைசியாக ஒரு பிரியதத்தம்

இந்த முறை முதலில் பன்விலைக்குப் போனேன். அக்கா விசுக்கோத்தை இறக்கிக் கண்ணை மூடியதும் நானும் மூடிக்கொண்டேன். அவர் மந்திரம் விசுக்கோத்துக்கு, என் மந்திரம் என் வேலைக்கு. கண்ணைத் திறந்தேன். முழுசாக வந்திருந்தது. கடித்தார். தாடையைத் தடவிக்கொண்டு, “பழைய சனியனையே கொண்டாந்துட்டீங்களா? ரெண்டு டின்ன வச்சிட்டுப் போங்க” என்றார். அப்பாடா என்று கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கலகெதரையில் பாக்குவெட்டிச் சத்தம், கம்பளையில் மேசைச் சத்தம். இரண்டும் எனக்குக் கோயில் மணியாகக் கேட்டன.

டின் எல்லாம் விற்று வெறுங்கையோடு கண்டிக்கு வந்து சேர்ந்தேன். முதலாளி வாசலிலேயே நின்றார். “என்ன செல்றாங்க?” என்று கேட்டார். “பல்லு போகுதுன்னு சொல்றாங்க, மொதலாளி” என்றேன்.

அவர் இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டு சொன்னார்: “அல்ஹம்துலில்லாஹ்.”

தையில் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலைத் தேத்தண்ணியோடு கல்லு விசுக்கோத்தை முதன்முதலாகக் கடித்த என் மனைவி, இந்தக் கருங்கல்லை விற்றா என்னைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றுக்குக் கை நீட்டியபோதுதான் என் உத்தியோகம் நிரந்தரம் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.