தவளைப் பள்ளத்துக் கோவா

எங்கள் சித்தப்பாவுக்கு ஈரம் என்றாலே ஆகாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒரு கை தண்ணீர் தேங்கி நின்றால் போதும், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தோட்டத்தில் அவருக்குக் கான் வெட்டுகிற வேலை. தேயிலை மலையில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிப்போகும். அதனால் சரிவு பார்த்துக் கான் இழுத்து, பெய்கிற மழையையெல்லாம் ஓடைக்கு விரட்டிவிட வேண்டும். அந்த வேலையில் சித்தப்பாவை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒருநாள் வெள்ளைக்காரத் துரையே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அவர் வெட்டிய கானைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாராம். இந்தக் கதையைச் சித்தப்பா சொல்லத் தொடங்கும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து, "தொரைக்குக் கழுத்து சுளுக்கோ என்னமோ" என்பாள்.

எங்கள் தோட்டம் நானுஓயா ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போகிற வழியில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் எங்கள் பீலி. பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீரை மூங்கில் குழாயில் பிடித்து விட்டிருந்தார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் லயத்துச் சனங்களுக்கு அந்த ஒரு பீலிதான். பாறைக்கு மேலே, மானாப்புல் மேட்டைத் தாண்டினால் தவளைப் பள்ளம். சுற்றிலும் தேயிலை மலைகள் இருக்க, நடுவில் அது மட்டும் ஒன்றுக்கும் உதவாத சேறாகக் கிடந்தது. கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். கங்காணி வீட்டுப் பசு ஒருமுறை அதில் இறங்கிவிட்டு, பாதி லயம் கூடிக் கயிறு கட்டி இழுத்த பிறகுதான் வெளியே வந்தது.

பெரியவர்களுக்குத்தான் அது சனியன் பிடித்த பள்ளம். எங்களுக்கு அதுதான் கடைத்தெரு. கல்லைப் புரட்டினால் நண்டு. கரையெல்லாம் வல்லாரை. கோரைப்புல்லுக்குள் கானாங்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடும். சிவப்புத் தும்பியைப் பிடிக்கப்போய்ச் சேற்றில் விழுந்து, அம்மாவிடம் அடி வாங்காத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை. சாயங்காலம் தவளைகள் ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் உடப்புசல்லாவைப் பக்கம், ஒரு மலையுச்சித் தோட்டம். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சித்தப்பா காரணமில்லாமல் சிரித்தார், தலைக்கு இரண்டு வேளை எண்ணெய் தடவினார். பெண்ணின் தாயார் மட்டும் உடனே வாக்குக் கொடுக்கவில்லை. மாசி மாதம் தானே வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

வருகிற மாமியாருக்குத் தன் கைத்திறமையைக் காட்ட வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றிவிட்டது. நேரே கணக்கப்பிள்ளையிடம் போய், தவளைப் பள்ளத்தில் காய்கறி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "அந்தச் சனியன எடுத்துக்கய்யா, யாரு வேணாங்கிறா" என்றாராம் அவர். அப்புறம் கேட்கவா வேண்டும்! கார்த்திகை மழை விட்டதும் சித்தப்பா பள்ளத்தின் நடுவிலிருந்து கரையை அறுத்து ஒரு கான் வெட்டினார். அவர் ஆயுசிலேயே அதுபோல் ஒரு கான் வெட்டியதில்லை. ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. எத்தனை காலமாகவோ அசையாமல் கிடந்த தண்ணீர் கலகலவென்று கிளம்பி அந்தப் பக்கத்து ஓடையில் விழுந்து போயே போய்விட்டது. கீழே கிடந்த மண் கருகருவென்று மின்னியது. அதில் முட்டைக்கோஸ் என்கிற கோவாவும் லீக்ஸும் நட்டார். தை பிறக்கும்போது கோவா பந்து பந்தாகச் சுருளத் தொடங்கியது. நான் பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அது எங்கள் சித்தப்பா தோட்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இடம் இழந்த தவளைகள் லயத்துக்குக் குடிவந்தன. சுளகில் தவளை, அரிசிப் பானையில் தவளை. ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் ஒரு தவளை இருக்க, அது தெரியாமல் அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், அதிகாரி கண்டாக்கு ஐயாவுக்கு முன்னால் நின்று துள்ளிக் குதித்தார். அதை நினைத்து லயமே ஒரு வாரம் சிரித்தது.

பீலி சுருங்கத் தொடங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. கைத் தடிமனில் விழுந்த தண்ணீர் விரல் தடிமனாகி, அப்புறம் சொட்டத் தொடங்கியது. குடங்கள் வரிசையில் நின்றன. நீ முந்தி நான் முந்தி என்று பெண்கள் ஒருத்தி குடும்பத்தை ஒருத்தி இழுத்துப் பேசினார்கள். ஆண்கள் காரணம் தேடினார்கள். தீட்டுப்பட்டவர்கள் யாரோ பீலியைத் தொட்டுவிட்டார்கள் என்றார் பூசாரி. பங்களாப் பக்கம் நட்ட தைலமரம் உறிஞ்சுகிறது என்றார் கங்காணி. தை மாசம் அப்படித்தான் என்றார் அப்பா. முந்தின தை மாதங்களில் பீலி ஒருநாளும் நின்றதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "தம்பி, நீங்க அங்க கான வெட்டுனீங்க, இங்க தண்ணி நின்னுபோச்சு. இதுக்கு எதுக்குப் பூசாரி?"

"என்னா மதினி பேசுறீங்க? அது சேத்துத் தண்ணி, இது பாறையில வர்ற தண்ணி. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்று சித்தப்பா சண்டைக்கு வந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து உடப்புசல்லாவையிலிருந்து ஆள் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்களாம். வந்த ஆள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பெண்ணின் தாயார் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வீட்டையோ மாடு கன்றையோ பார்ப்பதில்லை. பீலியைத்தான் முதலில் பார்ப்பார். பீலி பிடிக்காமல் இதற்குமுன் வந்த சம்பந்தத்தைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கானை மூடிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கோவா முற்ற இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதைவிட, கான் வெட்டிப் பேர் வாங்கிய மனுஷன் தன் கையாலேயே கானை மூடினால் தோட்டத்தில் தலைகாட்ட முடியுமா? சித்தப்பா யோசித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே ஓடுகிற ஆற்றிலிருந்து சனிக்கிழமை முழுக்க அவரும் கூட்டாளிகளும் தகரத்தில் தண்ணீர் சுமந்தார்கள். மானாப்புல் மறைவில், மூங்கில் குழாயின் தலைமாட்டில் ஒரு பெரிய பீப்பாயை வைத்து அதை நிரப்பினார்கள். அந்த அம்மா பீலிக்கு வந்ததும் பீப்பாயைத் திறந்துவிட வேண்டும். அடையாளம் சொல்ல என்னை வைத்தார்கள். நான் கோழி விரட்டுவதுபோல் "ச்சூ கோழி" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா தன் தம்பியோடு வந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் பேசவில்லை. மாப்பிள்ளையைக் காணவில்லையே என்று தம்பிக்காரர் கேட்டார். கோயில் வேலையாகப் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்றார் அப்பா. தேத்தண்ணீரைத் தொடாமலேயே அந்த அம்மா எழுந்தார்.

"மொதல்ல பீலியக் காட்டுங்க."

பீலியடியில் போய் நின்றதும் நான் அடித்தொண்டையால் "ச்சூ கோழி" என்றேன். மூங்கிலில் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா கையை நீட்டினார். குடித்தார். முகம் கழுவினார். கல்லில் உட்கார்ந்து காலைக் கழுவினார். போதும் என்று எழுந்திருப்பார் என்று பார்த்தால், "தம்பி, நீயும் கழுவுடா, நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றார். தண்ணீர் மெலிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "ச்சூ கோழி! ச்சூ கோழி!" என்று நான் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

"கோழி எங்க பாப்பா?" என்றார் அந்த அம்மா, சுற்றுமுற்றும் பார்த்து.

அப்போது மூங்கில் குழாய் ஒருமுறை கொர்ரென்றது. தண்ணீருக்குப் பதிலாக ஒரு தவளை வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது. மேலே புல்லுக்குள்ளிருந்து, "அடச்சே, தீந்துபோச்சு!" என்று சித்தப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் சித்தப்பாவின் புளுகு அந்த அம்மா கால் கழுவி முடிக்கும்வரைகூடத் தாங்கவில்லை.

அந்த அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினார். பின்னால் நாங்கள் எல்லோரும் ஏறினோம். வருங்கால மருமகன் தொப்பலாக நனைந்து, கவிழ்ந்த பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவரையும் பீப்பாயையும் அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கோவாத் தோட்டத்தைப் பார்த்தார். கடைசியில் கானுக்குப் பக்கத்தில் போய் நின்று, தண்ணீர் ஓடைக்கு ஓடிக்கொண்டிருப்பதையே நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கான யாருங்க வெட்டுனது?"

அந்த நிலைமையிலும் சித்தப்பாவுக்குப் பெருமை போகவில்லை. "நாந்தாங்க" என்றார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க. ஒரு சொட்டு நிக்காம போகுது." சித்தப்பா சிரிக்கப் போனார். "இத மூடிட்டுச் சொல்லி அனுப்புங்க. பொண்ண அனுப்புறேன்."

அவ்வளவுதான். நடந்து இறங்கிப் போய்விட்டார். அவர்கள் தலை மறைந்ததும் அப்பா, பெண் கொடுக்கிறவளுக்கு இவ்வளவு ராங்கியா என்று குதித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா கோவாக்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு சேற்றுக்காக இத்தனை கோவாவையா அழிப்பது?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் சித்தப்பா மம்பட்டியை எடுத்தார். முற்றியும் முற்றாமலும் இருந்த கோவாவை அறுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். கல்லும் புல்கட்டியும் போட்டுக் கானை அடைத்தார். கரையில் லயமே நின்று வேடிக்கை பார்த்தது. "என்னாப்பா, தொரையக் கூட்டியாரவா? தலையாட்டிட்டுப் போகட்டும்!" என்று கூட்டாளிகள் ஓட்டித் தள்ளினார்கள். சித்தப்பா நிமிரவே இல்லை. அந்த வாரம் எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கோவாச் சுண்டல், கோவாப் பொரியல். கோவா என்றாலே எனக்குக் குமட்டியது.

பங்குனியில் மழை பிடித்தது. பள்ளம் மெல்ல மெல்ல நிறைந்தது. அதற்கப்புறமும் பல நாள் பீலி சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சித்தப்பா வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் காலையில் பீலிக்குப் போன அம்மா வெறுங்கையோடு ஓடிவந்து, "தம்பி, கொடத்த வச்சிட்டு வந்திருக்கேன், ரொம்பி வழியுது!" என்றாள். தவளைகளும் சட்டைப் பைகளைக் காலி செய்துவிட்டுப் பள்ளத்துக்குத் திரும்பின. கானாங்கோழி எங்கே போயிருந்ததோ, அதுவும் வந்து சேர்ந்தது. வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு சித்தப்பா இந்தத் தோட்டத்துக்குப் பீலி கொண்டுவந்தவனே தான்தான் என்று பேசித் திரிந்தது வேறு கதை.

சித்தி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் உட்கார்த்திவைத்து அவள் தலையில் நான் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சந்தலையில் ஓரிடத்தில் முடி உதிர்ந்து, தோல் காய்த்துப்போய் வட்டமாக இருந்தது. கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்த தடம் எங்கள் அம்மா தலையிலும் உண்டு. ஆனால் அது கோடு மாதிரி இருக்கும். இது என்ன சித்தி, வட்டமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"தண்ணிக் கொடம் சொமக்கச் சும்மாடு வச்ச எடம்" என்றாள் சித்தி. "எங்க தோட்டத்துல பீலி கெடையாது பாப்பா. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே பள்ளத்துல கான் வெட்டித் தேயில போட்டுட்டாங்களாம். தண்ணிக்குக் கீழ ஆத்துக்குத்தான் எறங்கணும். எங்கம்மாவுக்கு இதவிடப் பெருசா இருக்கும்."

அந்த அம்மா எங்களிடம் குறை கண்டுபிடிக்க வந்தவர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளின் தலையிலிருந்து அந்தக் குடத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடி வந்தவர் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளே ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அந்த வட்டத்தில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அடுத்த மாதமே முடி முளைத்துவிடும் என்று சித்திக்கு உறுதியும் சொன்னேன்.