அம்சா தோண்டிய தெரு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு பொம்மைக் கடையே இருந்தது. கோலி, பம்பரம், சொப்பு, தகர ஊதல், தலை போன மண் குதிரை எல்லாம் அங்கே கிடந்தன. காரணம், வீடுகளில் பட்டு இருந்ததுதான். கூடம் முழுக்கத் தறி, மூலையில் நூல் சுற்றும் ராட்டினம். பிள்ளைகளின் புழுதிக் கை நூலில் படக்கூடாது, பம்பரத்தின் ஆணி தறியில் ஏற்றிய பாவு இழையில் சிக்கக்கூடாது. ஆகவே விளையாட்டுச் சாமான் வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் தங்கள் சொத்தைத் தெருமண்ணில் புதைத்துவிட்டு உள்ளே போவார்கள், காலையில் தோண்டுவார்கள். பாதி கிடைக்கும். மீதிக்காக அழுதால், "எவன்டா உன்னைப் பொதைக்கச் சொன்னது?" என்று முதுகில் ஒன்று கிடைக்கும்.

அதனால் எல்லோரும் தொலைத்ததைச் சீக்கிரம் மறந்தார்கள். அம்சா மட்டும் மறக்கவில்லை. அவள் தொலைத்த பொருள் அவளுடையதல்ல.

1961ஆம் வருடம் அவளுக்கு ஒன்பது வயது. கருட சேவைக் கூட்டத்தில் அப்பா அக்கா ஜெயம்மாளுக்கு ஒரு பொம்மை வாங்கினார். படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அம்சாவுக்கு ஊதல். போதாததற்கு, ஆணியோ கூரோ இல்லாத பொம்மை என்பதால் அதற்கு மட்டும் வீட்டுக்குள் இடம் கிடைத்தது. அம்சா பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் காலை, அக்கா குளிக்கப் போன நேரத்தில், பொம்மையைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு போய்த் தெருவில் புதைத்தாள். ஒரேயடியாக இல்லை. அக்கா இரண்டு நாள் அழுது ஓய்ந்ததும், தானே கண்டெடுத்தது போலக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று திட்டம்.

அப்போது தெருவில் பாவு விரித்திருந்தார்கள். நெய்வதற்கான நூலையெல்லாம் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும் வேலை. பெரியவர்கள் எல்லாருடைய கண்ணும் நூலில் இருந்தது. பாவின் முனையைக் கட்டியிருந்த முளைக்கம்பிலிருந்து பன்னிரண்டு தப்படி எண்ணி அம்சா பள்ளம் பறித்தாள். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு உலகத்தில் அசையாத பொருள் அந்த முளைதான். அதைத் தொட்டு வாங்கிய அடிகள் அப்படி. ஆனால் அன்று விரித்தது மூன்று சேலைக்கான பாவு. மறுநாள் பக்கத்து வீட்டார் விரித்தது இரண்டு சேலைக்கு. முளை ஒரு சேலை நீளம் இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்தது. அம்சாவுக்கு அது தெரியாது.

அதற்குள் வீட்டில் திருட்டுப்பட்டம் கட்ட ஆள் பார்த்துவிட்டார்கள். சேரியிலிருந்து தெருவுக்கு வறட்டி கொண்டு வந்து போடும் அன்னம்மாள் கூடவே தன் மகளையும் அழைத்து வருவாள். மரியம்மாள் என்று பெயர், அம்சாவின் வயது, அம்சாவோடுதான் விளையாட்டு.

"அந்தப் பொண்ணைத் தவிர நேத்து யாரு வந்தா நம்ம வாசலுக்கு?" என்றாள் அம்சாவின் அம்மா காமாட்சியம்மாள்.

அன்னம்மாள் வாதாடவில்லை. வறட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் மகளைத் தானே தெரு நடுவில் நிறுத்தி விறகுக் குச்சியால் அடித்தாள். மற்றவர்கள் அடிப்பதற்குள் தான் அடித்துவிடுவது ஒரு பாதுகாப்பு. ஐந்தாவது அடியில் அம்சா கதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான்தான்மா பொதைச்சேன்! அவ எடுக்கலமா!"

"எங்க பொதைச்சே, காட்டு."

அம்சா முளையிலிருந்து பன்னிரண்டு தப்படி எண்ணித் தோண்டினாள். முழங்கை ஆழம் போயும் மண்தான் வந்தது.

காமாட்சியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். "பார்த்தீங்களா? அந்தப் பொண்ணு அடிபடறதப் பார்க்கப் பொறுக்காம பழியத் தம்மேல போட்டுக்குது. எளகின மனசு எம் பொண்ணுக்கு!"

பொய் சொல்லி நல்ல பெயர் வாங்க நினைத்தவள் உண்மையைச் சொல்லி அதை வாங்கினாள். மரியம்மாள் அதன் பிறகு தெருவுக்கு வரவில்லை.

இளகிய மனது தெருவெங்கும் பரவி, பெண் பார்க்க வந்தவர்கள் வரை போயிற்று. அதே தெருவில் ஆறு வீடு தள்ளிப் பரசுராமன் அவளைக் கட்டிக்கொண்டான். அவள் தோண்டுவதை நிறுத்தவில்லை. சிரட்டை, உடைந்த கரண்டி, பிறகு புருஷன் வீட்டுக் கடப்பாரை. விடியலில் எழுந்து பாவுக்கு ஆள் நிற்பது, பகலெல்லாம் தறியில் புருஷனோடு உட்காருவது, நடுவில் சமையல், துணி, இரண்டு குழந்தைகள். இவற்றில் மிச்சமாகும் அரைமணியில் ஒரு முழம் தெரு.

"இன்னா தேடிக்கினே இருக்கறே?" என்று பரசுராமன் ஒருநாள் கேட்டான்.

"பொம்ம."

"நம்ம காந்தாவுக்கா?"

"இல்ல. மரியம்மாளுக்கு."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து மணிநேரம் தறியில் இருந்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது.

ஆரணியில் வாழ்க்கைப்பட்ட ஜெயம்மாள் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, அம்சா அவளிடமாவது சொல்லி அழலாம் என்று ஆரம்பித்தாள். "எந்தப் பொம்மடி? எனக்கு ஊதல்தான வாங்கிக் குடுத்தாரு அப்பா" என்றாள் அக்கா.

1976இல் எங்கள் தெருக்கோடியில் ஒரு பால்வாடி திறந்தார்கள். டீச்சராக வந்தவள் மரியம்மாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பயிற்சியும் முடித்து, மடிப்புக் கலையாத சேலையும் கையில் பதிவேடுமாக வந்து நின்றாள். மாதக் கடைசிக்குள் இருபது பிள்ளைகள் சேராவிட்டால் பால்வாடியை வேறு இடத்துக்குத் தூக்கிவிடுவார்கள், அவள் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. முதல் வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்தன. எங்கள் தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை.

"அந்தப் பொம்ம திருடின பொண்ணுகிட்டியா நம்ம கொழந்தையை வுடறது?" என்றாள் எதிர்வீட்டு ரேணுகாம்பாள். அவள் மனதில் இருந்த காரணம் வேறு. அதை நாலு பேருக்கு நடுவில் சொல்லக் கூச்சப்படும் காலம் வந்துவிட்டது. பொம்மையைச் சொல்லக் கூச்சமில்லை.

அம்சாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடப்பாரையை எடுத்தாள். நாலு வயது காந்தாவை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். பொம்மை கிடைக்கட்டும், தெருவுக்கு எதிரில் காட்டிவிட்டு அழைத்துப் போகிறேன் என்று நியாயம் வேறு.

ஒருநாள் காலை மரியம்மாள் பால்வாடிக்குப் போகிற வழியில் நின்றாள்.

"இன்னா அம்சா, கெணறு வெட்றியா?"

அம்சா நிமிர்ந்தாள். இடுப்பு உடனே நிமிரவில்லை. "உனக்காகத்தான் தேடிக்கினு இருக்கறேன்."

"பதினஞ்சு வருசமாவா?"

"நடுவுல ரெண்டு பிரசவம்."

மரியம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ தோண்டறப்பல்லாம் இன்னாத்துக்குன்னு கேக்கறாங்க இல்ல? நீயும் எம் பேரைச் சொல்லித்தான பதில் சொல்றே? இந்தத் தெரு என்னை எப்பவோ மறந்துட்டிருக்கும். நீதான் மறக்க வுடல."

"கெடைச்சிட்டா முடிஞ்சிரும், மரியா."

"உம் பொண்ணு எங்க?"

"வீட்ல."

மரியம்மாள் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

நாலு நாள் கழித்து, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். அம்சா நெசவை விட்டுவிட்டுப் பள்ளத்தோடு பள்ளமாக நடந்தாள். இரண்டாம் நாள் ரேணுகாம்பாள் வீட்டு வாசலில், அவள் தேடிய இடத்துக்குச் சரியாக ஒரு சேலை நீளம் தள்ளி, மண்வெட்டியோடு பொம்மை வந்தது. ஒரு கண் திறந்தும் ஒரு கண் மூடியும் இருந்தது.

"கெடைச்சிடுச்சி! வாங்க எல்லாரும்! நான் பொதைச்ச பொம்ம கெடைச்சிடுச்சி!"

வந்தார்கள். காமாட்சியம்மாளும் வந்தாள். ரேணுகாம்பாள் பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பார்த்தியா காமாட்சி! எடுத்துக்கினு போவ முடியாம, இங்கியே பொதைச்சி வெச்சிட்டுப் போயிருக்கா. எம்மாம் நெஞ்சழுத்தம்!"

"அத்தே, பொதைச்சது நான்!"

"சின்ன வயசுலேர்ந்தே உனக்கு இந்த மனசு" என்றாள் ரேணுகாம்பாள், உண்மையான பிரியத்தோடு.

அம்சா தோண்டிப் போட்ட மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவில்லை, கோபத்துக்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. பதினைந்து வருடம் தேடிப் பிடித்த சாட்சி வந்து எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது. பொம்மையை அவள் திரும்பக் கேட்கவில்லை. ரேணுகாம்பாள் அதைப் பள்ளத்திலேயே போட, அது குழாயோடு மூடப்பட்டது.

மறுநாள் அம்சா பாவுக்குப் போகவில்லை. காந்தாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள்.

"எங்கடி கெளம்பிட்டே?" என்று ரேணுகாம்பாள் கூப்பிட்டாள்.

"பால்வாடிக்கு."

"அந்தப் பொண்ணுகிட்டியா?"

"ஆமா அத்தே."

மரியம்மாள் பதிவேட்டைத் திறந்து நாலாவது பெயரை எழுதினாள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்று சுவரில் சாய்ந்த அம்சா அங்கேயே தூங்கிவிட்டாள். மத்தியானம் மரியம்மாள் தோளைத் தொட்டு எழுப்பினாள். "எழுந்திரு. பெரியவங்களுக்கு இங்க சோறு கெடையாது."

தெரு ஒரு வாரம் தாங்கியது. பட்டுநூலுக்கு நடுவில் நாலு வயதுப் பிள்ளையைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு அதற்கு மேல் கொள்கை நீடிக்காது. மாதக் கடைசியில் இருபத்திரண்டு பிள்ளைகள். பதினெட்டாவது, ரேணுகாம்பாளின் பேரன். அவனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அவள் பெருந்தன்மையோடு சொன்னாள்: "சின்ன வயசுல தெரியாம எடுத்துட்டே. அதெல்லாம் மனசுல வெச்சிக்காதேம்மா. நாங்க மன்னிச்சிட்டோம்."

காந்தாவை விட வந்த அம்சா வாயைத் திறந்தாள். மரியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சரிங்கம்மா" என்றாள் ரேணுகாம்பாளிடம். அவள் போன பிறகு, பிடியைத் தளர்த்தாமலே, "நீ ஒண்ணும் சொல்லாதே. புள்ளைங்க வந்துக்கினு இருக்குது" என்றாள்.

அம்சா வாயை மூடிக்கொண்டு தறிக்கு நேரமாகிவிட்டதென்று போனாள்.